ரயானி ஏர்: என் கடையில் இன்னும் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போன் டாப்-அப், போட்டோஸ்டாட், பாஸ்போர்ட் படம், பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், பிளேன் டிக்கெட் என்று எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். சுற்றிலும் தோட்டங்கள். முன்பு ரப்பர், இப்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்கு வந்து இருபது வருடம் ஆனவர்கள்கூட இன்னும் தோட்டத்துப் பெயரைச் சொல்லித்தான் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள்.

மலிவு டிக்கெட் தேடி வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் கேட்கும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: “ஏண்ணே, நம்ம ஆளு ஒருத்தர் பிளேன் கம்பெனி வச்சிருந்தாரே, அது என்ன ஆச்சு?” ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அப்படி ஒரு விமானம் நிஜமாகவே பறந்ததா?

பறந்தது. பெயர் ரயானி ஏர். 2015 டிசம்பர் 20-ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து லங்காவிக்கு முதல் பயணம். 2016 ஏப்ரல் 9-ஆம் தேதி எல்லாப் பறப்பும் நின்றது. அந்த வருடத் தீபாவளிப் பலகாரம் தீர்ந்த பிறகு பிறந்தது, சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பே படுத்துவிட்டது. நான்கு மாதம்கூட நிறையவில்லை. ஜூன் 13-ஆம் தேதி உரிமமும் பறிபோனது.

பெயருக்கு என்ன அர்த்தம்? அரபுச் சொல்லா?

அரபு மாதிரி காதில் விழும், ஆனால் இல்லை. நிறுவனர்கள் ரவி அழகேந்திரன், அவர் மனைவி கார்த்தியானி கோவிந்தன். ரவியின் ‘ர’, கார்த்தியானியின் ‘யானி’. அவ்வளவுதான். கல்யாண மண்டப வாசலில் இரண்டு பெயரைச் சேர்த்துத் தெர்மோகோலில் வெட்டி ஒட்டுவோமே, அதையே விமானத்தின் உடம்பில் எழுதினார்கள். இதைச் சொன்னதும் கடையில் சிரிக்காதவர்கள் குறைவு. எனக்கு என்னவோ அதில் கேலி செய்ய ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. லோரிக்குப் பிள்ளை பெயர் வைக்கிறவர்கள்தானே நாம்.

இந்துத் தம்பதி ஷரியா விமானம் நடத்தினார்களா? அது எப்படி?

எல்லோரும் புருவத்தை உயர்த்தும் இடம் இது. ரயானி ஏர்தான் மலேசியாவின் முதல் ஷரியா முறை விமான நிறுவனம். புறப்படும் முன் துஆ ஓதுவார்கள். மதுபானம் கிடையாது, பன்றி இறைச்சி கிடையாது, உணவு ஹலால். முஸ்லிம் பணிப்பெண்கள் தலையை மூடி முக்காடு அணிவார்கள். மற்றவர்கள் ஒழுங்கான, அடக்கமான உடை உடுத்த வேண்டும். உலகத்தில் அதற்கு முன்பு இந்த மாதிரி நடந்தவை என்று ராயல் புருணை, சவூதி அரேபியா, ஈரான் விமானங்களைச் சொன்னார்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 2014 மார்ச்சில் எம்எச் 370 காணாமல் போனது. அதே வருடம் ஜூலையில் எம்எச் 17 உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானத்தில் சாராயம் கொடுப்பதுதான் காரணம், கடவுள் கோபித்துக்கொண்டார் என்று பேசியவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். அந்தப் பேச்சு ஆறுவதற்குள் பிரார்த்தனை செய்து கிளம்பும் விமானம் ஒன்று வந்தது.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் கணக்கு புரியும். மலிவு டிக்கெட் என்றால் இங்கே எல்லோர் வாயிலும் ஏர் ஆசியாதான். அதற்குப் பக்கத்தில் அப்போது மலிண்டோ, ஃபயர்ஃபிளை. புதிதாக வருகிறவன் இன்னும் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், குறைத்து விற்கிறேன் என்று சொல்லி நிற்க முடியாது, வேறு ஒரு அடையாளம் வேண்டும். மக்கள் தொகையில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. ஹலால் கோழி, ஹலால் சோப்பு, இஸ்லாமிய வங்கி என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும்போது விமானத்துக்கு இருக்காதா? நம்ம ஊரில் கறிவேப்பிலையிலிருந்து காப்புறுதி வரை விற்கும் எந்த வியாபாரியும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பான்.

ஆகவே, “மதத்தை வைத்து விளையாடினார்கள், அதான் கவிழ்ந்தது” என்று சிலர் சொல்லும்போது எனக்கு ஒப்புவதில்லை. கவிழ்த்தவை வேறு. கீழே வருகின்றன.

முஸ்லிம் அல்லாதவர்கள் அதில் ஏற முடிந்ததா?

முடிந்தது. டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறலாம்.

எங்கெல்லாம் பறந்தது?

லங்காவியைத் தளமாக வைத்திருந்தார்கள். கோலாலம்பூர், கோத்தா பாரு, கூச்சிங், கோத்தா கினபாலு ஆகியவை மற்ற இடங்கள். சென்னை, திருச்சி எல்லாம் கிடையாது. “நம்ம ஆளு பிளேன்னா ஊருக்குப் போயிருக்கணுமே” என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் வாடிவிடும். அவர்களுக்குப் பயணம் என்றாலே நாகப்பட்டினம், சென்னை. அதிலும் அப்பா ரஜூலா கப்பலில் வந்த கதையை எடுத்துவிட்டால் அன்று என் போட்டோஸ்டாட் வேலை அவ்வளவுதான்.

ஆனால் கூச்சிங், கோத்தா கினபாலு தடம் நம்மவர்களுக்கு அந்நியமும் இல்லை. தீபகற்பத்து ஆசிரியர்கள் கடலுக்கு அப்பால் உள்ள சபா, சரவாக் மாநிலங்களில் வேலை பார்ப்பது பழைய வழக்கம். போலீஸ், ராணுவம் என்று போனவர்களும் உண்டு. பள்ளி விடுமுறைக்கு ஊர் திரும்ப அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி விமானம். பஸ்ஸில் ஏறித் தென்சீனக் கடலைத் தாண்ட முடியாது. அதனால்தான் இந்தத் தடத்தில் புது நிறுவனம் வந்தால், தோட்டத்தில் இருக்கும் அம்மாக்கள்கூடப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களாமே, உண்மையா?

உண்மை. 2016 தொடக்கத்தில் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பெயர், இருக்கை எண் எல்லாம் பேனாவில். கோப்பிக் கடை பில் மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரித்தது. கணினி முறையில் கோளாறு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். கையால் எழுதிய போர்டிங் பாஸ் தன்னளவில் ஆபத்தானதும் இல்லை, சட்டவிரோதமும் இல்லை. கணினி விழுந்தால் கையால் எழுதுவது எல்லா நிறுவனங்களும் வைத்திருக்கும் மாற்று வழிதான். 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் முழுக்கக் கணினிகள் நீலத் திரை காட்டி நின்றபோது, இந்தியாவில் இண்டிகோ போன்ற பெரிய நிறுவனமே பயணிகளுக்குப் பேனாவில் எழுதிக் கொடுத்தது. அந்தப் படமும் சுற்றியது. அதற்காக இண்டிகோ மூடவில்லை.

அப்படியானால் ரயானி விஷயத்தில் என்ன கோளாறு? விமானத்தில் யார் ஏறினார்கள், எத்தனை பேர், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், சுமை எவ்வளவு என்ற கணக்கு விமானியின் கைக்குப் போக வேண்டும். விமானத்தின் எடையும் சமநிலையும் அதை வைத்துத்தான். அதைக் கணினி செய்யும், இல்லாவிட்டால் பயிற்சி பெற்றவர்கள் கையால் செய்வார்கள். நூற்றுக்கணக்கான விமானம் ஓட்டுகிறவனுக்குக் கணினி ஒரு நாள் விழுந்தால் அது தற்செயல். இரண்டே விமானம் ஓட்டுகிறவனுக்கு, தொடங்கிய ஓரிரு மாதத்திலேயே விழுந்தால், அடிப்படைச் சாமான்களையே முழுதாக வாங்கிப் போட்டாரா என்ற சந்தேகம் வரும். அரசாங்கத்துக்கும் வந்தது. அந்தச் சீட்டு குற்றம் அல்ல, அறிகுறி. காய்ச்சல் மாதிரி.

இரண்டே இரண்டு விமானமா?

ஆமாம். இரண்டு போயிங் 737-400. ஒவ்வொன்றிலும் சுமார் 180 பேர் உட்காரலாம். தொடக்கத்தில் எட்டு விமானிகள், ஐம்பது பணியாளர்கள் என்று அறிவித்தார்கள். 737-400 நல்ல விமானம்தான். ஆனால் அந்த ரகம் 1980களின் கடைசியில் வந்தது, 2000-ஆம் ஆண்டோடு தயாரிப்பே நின்றுவிட்டது. பழைய வண்டியை வாங்குவது மலிவு, ஓட்டுவது மலிவு அல்ல. பத்து வருட புரோட்டோன் சாகா கார் வைத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு விமானம் என்றால் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஒன்று பழுதாகித் தரையில் நின்றால் கால அட்டவணையில் பாதி போச்சு. காலையில் லங்காவிக்குப் போக வேண்டியது நின்றால், அதே விமானம் மதியம் கூச்சிங் போக வேண்டும், இரவு திரும்ப வேண்டும், எல்லாம் வரிசையாகச் சாயும். மாற்று விமானம் கிடையாது. தாமதம், ரத்து, பயணிகள் கூச்சல். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது வரும். கொடுத்தால் சம்பளத்துக்கு இடிக்கும்.

ஏர் ஆசியாவும் இரண்டு விமானத்தோடுதானே தொடங்கியது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓய்வு பெற்ற ஒரு கிராணி. தோட்டத்து ஆபீசில் வருடக்கணக்காகக் கணக்கு எழுதியவர். சரியான இடத்தில் குத்தினார்.

ஏர் ஆசியா 1996-இல் பறக்கத் தொடங்கியது. 2001-இல் டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிகளும் அதை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள். ஒரு வெள்ளிதான், ஆனால் கூடவே சுமார் 4 கோடி ரிங்கிட் கடனும் சேர்ந்து வந்தது. அப்போது அதனிடம் இருந்ததும் இரண்டு போயிங் 737தான், 737-300 ரகம். கணக்குப்படி ரயானியைவிட மோசமான நிலை.

வித்தியாசம் எங்கே? முதலாவது, வாங்கிய நேரம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உலகம் முழுக்க விமானங்கள் சும்மா நின்றன, வாடகை இறங்கியது. வேலை இழந்த அனுபவசாலிகள் சந்தையில் இருந்தார்கள். எல்லோரும் பயந்து ஓடிய நேரத்தில் மலிவாகப் பிடித்தார்கள்.

இரண்டாவது, போட்டி. அன்று மலேசியாவில் மலிவு விமானம் என்று வேறு ஒன்று இல்லை. பஸ்ஸில் போகிறவனை விமானத்தில் ஏற்றுவதுதான் அவர்கள் வேலை. ரயானி வந்தபோது பஸ்ஸில் போனவன் ஏற்கனவே விமானத்தில் ஏறி, தள்ளுபடிக்காக நடு ராத்திரி விழித்திருந்து டிக்கெட் அடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தான்.

மூன்றாவது, என் கருத்தில் இதுதான் முக்கியம்: விமானம் தரையில் நிற்கும் நேரத்தை அவர்கள் கொன்றார்கள். இறங்கி, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, 25 நிமிடத்தில் கிளம்புவது என்ற வழக்கம். சாப்பாட்டைத் தனியாக விற்றார்கள், பயணப் பைக்குத் தனிக் காசு வாங்கினார்கள். விமானம் மேலே இருந்தால்தான் சம்பாதிக்கும், ரப்பர்ப் பால் வெட்டுகிறவன் மாதிரி. மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. ரயானிக்கு மழை நாள் அதிகமாக இருந்தது.

கிராணி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப முதல் இல்லாம மொதலாளி ஆனாங்கன்னு சொல்லு” என்றார். நான்கு பக்கம் பேசியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

எண்ணெய் விலை ஏறியதுதான் காரணமா?

இல்லை. 2016 ஜனவரியில் கச்சா எண்ணெய் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே போனது. விமானக் கம்பெனிகளுக்குப் பொற்காலம். அடி விழுந்தது ரிங்கிட்டில். 2014 நடுவில் ஒரு டாலருக்கு 3.20 அளவில் இருந்தது, 2015 செப்டம்பரில் 4.40 வரை போனது. விமான வாடகை, உதிரிப் பாகம், காப்புறுதி எல்லாம் டாலரில். டிக்கெட் விற்பது ரிங்கிட்டில்.

கடைசியில் எப்படி நின்றது?

கதை வேகமாக முடிகிறது. தாமதங்கள், ரத்துகள், பயணிகளின் புகார்கள். பிறகு விமானிகள் வேலைநிறுத்தம். 2016 ஏப்ரல் 9, சனிக்கிழமை, பறப்புகள் நின்றன. 11-ஆம் தேதி விமானப் போக்குவரத்துத் துறை அவர்களுடைய பறக்கும் சான்றிதழை மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, கணக்கு வழக்கையும் பாதுகாப்பு நடைமுறைகளையும் சோதித்தது. மூன்று மாதம் முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லை. ஜூன் 13-ஆம் தேதி சான்றிதழ் ரத்து. அதே நாளில் மாவ்கோம் என்ற விமானப் போக்குவரத்து ஆணையமும் தன் பங்குக்கு உரிமத்தைப் பறித்தது. நிபந்தனைகளை மீறியது, வணிக விமான நிறுவனமாகத் தொடர்ந்து நடத்துவதற்கான பணபலமும் நிர்வாகத் திறனும் இல்லாதது ஆகியவை சொல்லப்பட்ட காரணங்கள்.

ஒரு கம்பெனிக்கு எதற்கு இரண்டு உரிமம்?

லோரி வைத்திருக்கிறவர்களிடம் கேளுங்கள். புஸ்பகோமில் வண்டியைக் காட்டி, பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பாஸ் வாங்க வேண்டும். அது ஒன்று. சரக்கு ஏற்றித் தொழில் செய்ய பெர்மிட் வேண்டும். அது வேறு. வண்டி நன்றாக இருந்தாலும் பெர்மிட் இல்லாமல் ஓட்ட முடியாது. பெர்மிட் இருந்தாலும் பிரேக் இல்லாமல் ஓட்டக் கூடாது.

விமானத்துக்கும் அப்படியே. பாதுகாப்பாகப் பறக்கத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது பறக்கும் சான்றிதழ். அன்று அதைக் கொடுத்தது விமானப் போக்குவரத்துத் துறை, 2018-இல் அது காம் என்ற ஆணையமாக மாறியது. டிக்கெட் விற்றுத் தொழில் செய்யும் அளவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது சேவை உரிமம். அது மாவ்கோமின் வேலையாக இருந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் மாவ்கோமும் காமுக்குள் சேர்ந்துவிட்டது. இப்போது இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே.

ரயானிக்கு ஒரே நாளில் இரண்டும் போயின. அதன் பிறகு பேச ஒன்றும் இல்லை.

டிக்கெட் வாங்கியவர்களின் பணம்?

மனம் கசக்கிற பகுதி இது. மாவ்கோம் செயல்படத் தொடங்கியது 2016 மார்ச் 1-ஆம் தேதி. தாமதம் ஆனால் என்ன கொடுக்க வேண்டும், ரத்து ஆனால் எத்தனை நாளில் பணம் திருப்ப வேண்டும் என்று விதிக்கிற பயனீட்டாளர் பாதுகாப்புக் கோவை நடைமுறைக்கு வந்தது அதே வருடம் ஜூலை 1-ஆம் தேதி. ரயானி பறப்பை நிறுத்தியது ஏப்ரலில். உரிமம் போனது ஜூனில். குடை வாங்கி வருவதற்குள் மழை பெய்து முடிந்துவிட்டது.

கோவை இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. முப்பது நாளில் பணத்தைத் திருப்பு என்று எழுதி வைத்தாலும், திருப்புகிறவன் பெட்டி காலியாக இருந்தால் எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். மூன்று மாதம் கழித்துப் பறக்க இன்று டிக்கெட் வாங்குகிறீர்கள் என்றால், அந்த மூன்று மாதமும் நீங்கள் அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். வட்டி இல்லை, அடமானம் இல்லை, எழுத்து இல்லை. கூட்டுக் காசு, அதாவது சீட்டு, கட்டுகிறவர்களுக்குப் புரியும். தலைமைக்காரி நேர்மையானவளா என்பதோடு, அடுத்த மாதமும் பத்துப் பேர் கட்டுவார்களா என்பதும் முக்கியம். புது ஆள் கட்டுகிற காசில்தான் பழைய ஆளுக்கு முறை வருகிறது என்றால், ஒருவர் நின்றதும் எல்லாம் நிற்கும். கையிருப்பு இல்லாத விமானக் கம்பெனியும் அப்படித்தான். ஜூன் மாத டிக்கெட் காசில் ஏப்ரல் மாத எண்ணெய் நிரப்பினால், விற்பனை ஒரு வாரம் நின்றாலும் தாங்காது.

வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள்?

வேலை போனது. அதைவிடக் கூடுதலாக எழுதும் அளவுக்கு அவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதவில்லை. பயணிகளின் பணத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக வந்தது. ஆனால் விமானி வேலைக்குப் போகாமல் நிற்பது என்பது சின்ன விஷயம் அல்ல. தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், முதல் மணி அடிப்பது சம்பள நாளில்தான். ஏழாம் தேதி பத்தாகும், பத்து பதினைந்தாகும், அப்புறம் துரை கைமாறுகிறார் என்று பேச்சு வரும்.

அதற்கப்புறம் இந்த மாதிரி நடக்கவில்லையா?

நடந்தது, இன்னும் பெரிதாக. மைஏர்லைன். 2022 டிசம்பர் 1-ஆம் தேதி கூச்சிங், கோத்தா கினபாலு, லங்காவி தடங்களில் தொடங்கியது. பழைய போயிங் இல்லை, ஏர்பஸ் 320. இரண்டு விமானம் இல்லை, அதைப் போலப் பல மடங்கு. சேவை பற்றி நல்ல பேச்சும் இருந்தது. ஷரியாவும் இல்லை, பேனாவில் எழுதிய சீட்டும் இல்லை. அப்படியிருந்தும் 2023 அக்டோபர் 12-ஆம் தேதி, கடும் நிதி நெருக்கடி என்று சொல்லி, ஒரே விடியலில் நிறுத்திவிட்டார்கள். பதினொரு மாதம்கூட இல்லை. விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகு சேதி தெரிந்தவர்கள் பலர். ஏற்கனவே டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள் சுமார் 1,25,000 பேர் என்று போக்குவரத்து அமைச்சர் சொன்னார்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. சரியாக ஒரு மாதம். தீபாவளிக்கு ஊர் திரும்புகிறவர்கள் டிக்கெட் எடுத்து முடித்திருக்கும் நேரம் அது.

ரயானியைப் பற்றி “இரண்டு ஓட்டைப் பிளேன வச்சிக்கிட்டு” என்று பேசியவர்கள், மைஏர்லைன் நின்ற பிறகு கொஞ்சம் அடங்கினார்கள். புது விமானமும் பளபளக்கும் இணையத்தளமும் கையிருப்புக்கு ஈடாகாது.

நம்மவர் தொடங்கினால் ஏன் இப்படி ஆகிறது?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது. ஆனால் அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

கேட்பவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியும். 1982-இல் இந்தியர்களின் முதலீட்டு நிறுவனமாக மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். நாடு முழுக்க இந்தியர்களிடமிருந்து பத்துக் கோடி ரிங்கிட்டுக்கும் மேல் சேர்ந்தது. கடைசியில் 2010-இல், ஒரு வெள்ளி கொடுத்து வாங்கிய பங்குக்கு 80 சென் என்று வந்து நின்றது. 28 வருடத்துக்குப் பிறகு! அந்தக் காயத்தோடு பார்க்கிறவர்களுக்கு ரயானியும் அதே வரிசையில் தெரிகிறது.

இரண்டும் ஒன்றல்ல. ரயானி ஒரு தனியார் குடும்பக் கம்பெனி, சமூகத்திடம் பங்கு கேட்டு வரவில்லை. மைஏர்லைன் நம்மவர் கம்பெனி இல்லை, அதுவும் நின்றது. 2015-இல் ஃபிளைமோஜோ என்று ஒன்று லங்காவி விமானக் கண்காட்சியில் பெரிதாக அறிவித்தது, ஒரு நாள்கூடப் பறக்கவில்லை. 2006-இல் ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரஸ் சபா, சரவாக் உட்புறத் தடங்களை எடுத்து நடத்தியது, அடுத்த வருடமே மாஸ்விங்ஸ் கைக்குப் போனது. எல்லா இனத்தவரும் இந்தத் தொழிலில் காசைத் தொலைத்திருக்கிறார்கள். அரசாங்கம் முன்பு முழங்கிய ‘ஒரே மலேசியா’ அந்த விஷயத்தில் முழுமை.

அதே சமயம் ஒன்றை ஒளிக்கவும் மாட்டேன். ரயானி தொடங்கிய அன்று நம்மில் பலர் பெருமைப்பட்டோம், நானும்தான். பேப்பரில் வந்த படத்தை வெட்டிக் கடையில் ஒட்டினேன். யாரும் கேட்காத கேள்வி, பணம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பது. சொந்தக்காரன் கல்யாணத்தில் மொய்க் கணக்கைக் கேட்காத மாதிரி விட்டுவிட்டோம்.

சரி, இப்போது புது மலிவு விமானம் வந்தால் டிக்கெட் வாங்கலாமா?

வாங்கலாம். சில விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள்.

கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் சொல்லி அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கும் வழி கார்டில் உண்டு, சார்ஜ்பேக் என்பார்கள். டெபிட் கார்டுக்கும் கேட்டுப் பார்க்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே சேதி வந்த வாரமே வங்கிக்குப் போங்கள். கணக்கிலிருந்து கணக்குக்கு நேராக மாற்றிவிட்டால் இந்த வழி கிடையாது.

ஆறு மாதம் கழித்துப் போகும் பயணத்துக்கு, பிறந்து ஆறு மாதம் ஆகாத கம்பெனியில் வாங்காதீர்கள். கல்யாணம், கருமக்கிரியை, பரீட்சை என்று தள்ளிப்போட முடியாத காரியம் என்றால் பத்து இருபது வெள்ளி கூடக் கொடுத்துப் பழைய ஆளிடம் போங்கள்.

பறப்பு ரத்தானால், அல்லது ஐந்து மணி நேரம், அதற்கு மேல் தாமதமானால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டிய வழியிலேயே, 30 நாளுக்குள் திருப்ப வேண்டும். வவுச்சர்தான் தருவேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி 50,000 ரிங்கிட் வரை வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். கம்பெனி உயிரோடு இருந்தால் பலன் உண்டு. செத்துவிட்டால் தீர்ப்பை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சரவாக் உட்புறத்தில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியைக்கு என் கார்டில் டிக்கெட் போட்டேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம், மேலே பெயர் வந்த எதுவும் இல்லை. பறப்பு ரத்தானது. பணம் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவருடைய அம்மா வாரச் சந்தைக்கு வரும்போதெல்லாம் என் கடை வாசலில் நின்று, ஒன்றும் கேட்காமல், உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரயானி மறுபடி பறக்குமா?

இரண்டு உரிமமும் ரத்தான பிறகு அதே பெயரில் வருவதென்றாலும் புதுக் கம்பெனி மாதிரி முதலிலிருந்து எல்லாவற்றையும் காட்ட வேண்டும். விமானம், விமானி, பணம், எல்லாம். வருடங்கள் பல ஓடிவிட்டன. கடையில் ஒட்டியிருந்த படம் மஞ்சளாகி, நான்தான் ஒரு நாள் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது உரித்தேன்.

போன வாரம் ஒருவர் வந்தார். திருச்சிக்கு நான்கு பேர், எவ்வளவு மலிவாக முடியுமோ அவ்வளவு மலிவாக. கார்டு இருக்கிறதா என்று கேட்டேன், மேலே எழுதியதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஐம்பது வெள்ளி நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்து, “நீங்க சொல்றது சரிதான் தம்பி, உங்க கார்டுலயே அடிச்சிடுங்க” என்றார்.